ஆர்சி ராக் கிராலர் போட்டி: ஆரம்ப வகுப்பின் பாடி விதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரிமோட்டில் ஓடும் சிறு வண்டிகளைப் பாறைகள் மேல் ஏற்றி இறக்குவதுதான் ஆர்சி ராக் கிராலர் போட்டி. அதற்கு முதல்முறை வண்டி தயார் செய்கிறவர்கள் டயர், சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்), கியர் விகிதம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மேலே மூடியிருக்கும் பாடியைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வரும். ஆனால் பாறையில் இறங்கும் முன் வண்டியைச் சோதிக்கும் மேசையில், அதாவது டெக் இன்ஸ்பெக்ஷனில், முதலில் கண்ணில் படுவதே பாடிதான். மோட்டாரை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கதவுக்குக் கீழே வெட்டியிருப்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி 1/10 அளவு, 1.9 இன்ச் ரிம் போட்ட வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. 1/24 போன்ற குட்டி வண்டிகளுக்கும் இதே தர்க்கம்தான், அளவுகள் மட்டும் சுருங்கும்.

விதி எதைத் தடுக்கப் பார்க்கிறது

கிராலர் போட்டியில் குறைந்த புள்ளி எடுத்தவரே ஜெயிப்பார். புள்ளி என்றால் அபராதம். வண்டியைப் பின்னால் எடுத்தால் 1, கேட் குச்சியை (வண்டி நடுவே புகுந்து போக வேண்டிய ஜோடிக் குச்சிகளில் ஒன்றை) தொட்டால் 10 என்பது பல விதிப்புத்தகங்களில் இருக்கும் கணக்கு. கேட்டைத் தொட்டது டயரா, கதவா, பின் பக்கச் சுவரா என்ற பேதமெல்லாம் கிடையாது. வண்டியின் எந்தப் பாகம் தொட்டாலும் தொட்டதுதான்.

ஆகவே பாடி சிறியதாக, ஒல்லியாக, தாழ்வாக இருந்தால் ஓட்டுகிறவருக்கு லாபம். பாறையில் உரசாது, கேட்டில் இடிக்காது, எடை குறையும், கவிழ்வதும் குறையும். இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? எல்லோரும் வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் ஒரு சேஸிஸ் மேல் இரண்டு பிளாஸ்டிக் பலகையைச் செருகி வைத்து "இதுதான் என் ஜீப்" என்பார்கள். மேல்நிலைப் போட்டி வகுப்புகளில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அங்கே வண்டி என்பது நான்கு டயர், நடுவில் ஒரு கூண்டு, பக்கவாட்டில் பெயருக்கு ஒரு தகடு.

ஆரம்ப வகுப்பு அந்தப் பாதையில் போகாமல் இருக்கத்தான் பாடி விதிகள். பெட்டியிலிருந்து எடுத்த வண்டியோடு வருகிறவரும் கத்தி பிடித்துப் பழகியவரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ செய்த ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு என்ன லாபம் தந்தது என்று தெரிந்தால் விதியின் எல்லை எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

படி 1: எந்த வகுப்பு, யாருடைய புத்தகம்

உலகம் முழுவதற்கும் ஒரே விதிப்புத்தகம் கிடையாது. அமெரிக்காவின் சோர்க்கா (SORRCA) என்ற ஆர்சி அமைப்பு வண்டிகளை வகுப்பு 1, 2, 3 என்று பிரிக்கிறது. எண் கூடக் கூட நிஜ வண்டியின் சாயல் தளரும், மாற்றங்களுக்கு இடம் கூடும். வேறு கிளப்புகள் வேறு பெயர் வைத்திருக்கும், உள்ளூர்த் திருத்தங்களும் சேர்த்திருக்கும். அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தப் புத்தகம், எந்த ஆண்டின் பதிப்பு, அதற்கு மேல் உங்கள் திருத்தம் ஏதாவது உண்டா?

படிக்கும்போது மூன்று வகை வாக்கியங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "இருக்க வேண்டும்" என்பவை ஒரு வகை: பம்பர், விண்ட்ஷீல்டு, ஓட்டுநர் பொம்மை. "கூடாது" என்பவை இன்னொன்று: பாடியைக் குறுக்குவது, கூரையை வெட்டித் தாழ்த்துவது. மூன்றாவது, "டயர் உரசாத அளவுக்கு வெட்டலாம்" போல நடுவரின் கண்ணுக்கு விட்டுவிடும் வாக்கியங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான். அந்த இடங்களை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: வீல்பேஸை அளந்த பிறகே பாடி வாங்குங்கள்

பலர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பிடித்த பாடியை வாங்கிவிட்டு, அப்புறம் அது சேஸிஸில் உட்காருமா என்று பார்ப்பார்கள்.

வண்டியைச் சமதரையில் வையுங்கள். ஸ்டீயரிங் நேராக, ஷாக்குகள் தம் எடையில் அமர்ந்தபடி இருக்கட்டும். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை அளந்தால் வீல்பேஸ். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், ஏனென்றால் லிங்க் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பி) நீளம் ஒரு பக்கம் கொஞ்சம் மாறியிருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கும்.

இங்கே ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். 1/10 என்றால் எல்லாமே பத்தில் ஒரு பங்கு என்று நினைப்போம். அப்படி இல்லை. நிஜ ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேயின் வீல்பேஸ் 2,576 மி.மீ. பத்தில் ஒரு பங்கு என்றால் 258 மி.மீ. வரவேண்டும். ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10 II ஆர்சி வண்டி அதே செரோக்கி பாடியைப் போட்டுக்கொண்டு 313 மி.மீ. வீல்பேஸில் நிற்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110-க்கு 2,794 மி.மீ., பத்தில் ஒரு பங்கு 279. அந்தப் பாடியோடு வரும் டிராக்சாஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 ஆர்சி வண்டிக்கு 324 மி.மீ. ஆக, கடையில் கிடைக்கும் 1/10 பாடி பெரும்பாலும் நிஜத்தைவிட இழுத்து நீட்டப்பட்டது. அதனால்தான் பல விதிப்புத்தகங்கள் நிஜ வண்டியின் அளவோடு ஒப்பிடாமல், சக்கரத்தின் மையம் பாடியின் வீல் ஆர்ச்சுக்குள் (டயருக்கு மேலே பாடியில் இருக்கும் வளைவுக்குள்) சரியாக உட்கார்கிறதா என்று பார்க்கின்றன.

அந்த விதிக்கும் ஒரு காரணம் உண்டு. முன் ஆக்சிலைச் சற்று முன்னால் தள்ளினால் மூக்கு இடிக்காமல் டயர் முதலில் பாறையைத் தொடும், ஏற்றத்தில் வண்டி பின்னால் மல்லாவதும் குறையும். செய்கிறவர்கள் ஆக்சிலை நகர்த்தியதை மறைக்க ஆர்ச்சையும் முன்னால் வெட்டி நீட்டுவார்கள். மையத்தைப் பார்க்கும் விதி அந்த வெட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: லெக்ஸானா, ஹார்டு பாடியா

லெக்ஸான் என்று எல்லோரும் சொல்வது மெல்லிய பாலிகார்பனேட் தகட்டை அச்சில் இழுத்துச் செய்த பாடி. ஹார்டு பாடி என்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களைச் சேர்த்துக் கட்டுவது. கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர், கிரில் எல்லாம் நிஜம் போலவே இருக்கும். பார்க்க ஹார்டு பாடிதான் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் விலை எடையில் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாடி இல்லாத சேஸிஸ் 2,300 கிராம், அதன் எடை மையம் தரையிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் என்று வையுங்கள். பாடியின் எடை மையம் 150 மி.மீ. உயரத்தில். 250 கிராம் லெக்ஸான் போட்டால் மொத்த எடை மையம் 82 மி.மீ.க்கு ஏறும். 700 கிராம் ஹார்டு பாடி போட்டால் 92 மி.மீ.யைத் தாண்டும். வண்டியின் நடுவிலிருந்து டயரின் வெளி விளிம்பு 100 மி.மீ. என்றால், பக்கவாட்டில் கவிழும் கோணம் ஏறத்தாழ 50 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்கு இறங்குகிறது. இது ஷாக் சாயாது என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் ஷாக்கும் சாயும், இழப்பு இன்னும் கூடும். 3 டிகிரி என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. சரிவில் கேட்டை ஒட்டி நிற்கும்போது அதுதான் எல்லாம்.

என் கருத்து இதுதான்: முதல் போட்டிக்கு, ரெடி டு ரன் (பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும்) வண்டியோடு வந்த லெக்ஸான் பாடியே போதும். கிளப்புகள் ஆரம்ப வகுப்பு விதியை எழுதும்போது மனதில் வைத்திருப்பதே அந்த வண்டிகளைத்தான், அதனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னொன்று, உருண்டு விழும்போது லெக்ஸான் நசுங்கிப் பழையபடி எழும். ஏபிஎஸ் பாடியோ, போஸ்ட் (பாடியைத் தாங்கும் கம்பம்) பொருத்திய இடத்தில் விரிசல் விடும்.

பிக்கப் பாடி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு குழாய்ச் சட்டம் போடுவது பார்க்க அம்சமாக இருக்கும், பின் பக்கம் பாறையில் உரசாமல் தப்பிக்கவும் உதவும். அதனாலேயே ஆரம்ப வகுப்பில் பல இடங்களில் அதற்குத் தடை. கேட்காமல் செய்யாதீர்கள்.

படி 4: எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது

முதலில் கூடாதவை. இந்த ஐந்து வேலைகளின் பெயரும் விதிப்புத்தகங்களில் அடிக்கடி வரும்.

போட்சைடிங்: கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பை உள்பக்கம் சாய்வாக வெட்டுவது அல்லது மடிப்பது. நேரான விளிம்பு பாறை முனையில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். சாய்வான விளிம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

டவ்டெயில்: பின் பக்கத்தைக் குறுக்கிக் கூம்பாக்குவது. படி போன்ற பாறையிலிருந்து இறங்கித் திரும்பும்போது பின் மூலை இடிக்கும், கேட் குச்சியையும் தட்டும். குறுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பிஞ்ச்: இதையே முன் மூக்கில் செய்வது.

நேரோயிங்: பாடியை நீளவாக்கில் நடுவில் அறுத்து, ஒரு பட்டையை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவது. கைதேர்ந்தவர்கள் செய்தால் மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே சில கிளப்புகள் விண்ட்ஷீல்டின் அகலத்தையும் கதவருகே பாடியின் அகலத்தையும் அளப்பார்கள்.

சாப் டாப்: ஜன்னல் தூண்களைக் குட்டையாக்கிக் கூரையை இறக்குவது. எடை கீழே வரும், கவிழ்வதும் குறையும்.

இவற்றில் எதையும் ஆரம்ப வகுப்பில் தொட வேண்டாம். நிஜ வண்டியில் அப்படித்தான் இருக்கிறது என்று படம் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. நடுவர் நல்ல மனநிலையில் இருந்தால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

சரி, வெட்ட அனுமதி உள்ள இடம் எது? வீல் ஆர்ச். டயர் திரும்பவும் மேலெழும்பவும் இடம் வேண்டும், அதை எல்லா விதிப்புத்தகமும் ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு என்பதில்தான் பேச்சு. இதைக் கண்ணளவில் செய்யாமல் இப்படிச் செய்யுங்கள்.

பாடியைப் போட்டு, முன் இடது சக்கரத்தின் அடியிலும் பின் வலது சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொரு கட்டையைத் தள்ளுங்கள். மற்ற இரண்டு சக்கரங்களும் தரையை விட்டுத் தூக்கத் தொடங்கும் வரை கட்டைகளை உயர்த்துங்கள். இப்போது வண்டி முழுதாக முறுக்கி நிற்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பி, டயர் பாடியைத் தொடும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறியுங்கள். அப்புறம் மறுபக்கம் திருப்புங்கள். பெரும்பாலும் ஆர்ச்சின் பின் கீழ் மூலையிலும், பம்பரை ஒட்டிய முன் மூலையிலும்தான் குறி விழும். உச்சியில் விழுவது குறைவு. கட்டைகளை எதிர் மூலைகளுக்கு மாற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். குறிகளைச் சேர்த்துக் கோடு போட்டு, அதற்கு வெளியே 2, 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டினால் போதும். இப்படி வெட்டிய ஆர்ச்சை நடுவர் கேள்வி கேட்டால், அதே கட்டையை வைத்துக் காட்டிவிடலாம். எதிர்த்துப் பேச அவருக்கு ஒன்றும் இருக்காது.

வெட்டும் கருவி: வளைவுகளுக்கு லெக்ஸான் வெட்டுவதற்கென்றே வரும் வளைந்த கத்தரிக்கோல். நேர்க்கோடுகளுக்கு, கத்தியால் லேசாக இரண்டு மூன்று முறை கீறிவிட்டு முன்னும் பின்னும் மடக்கினால் கோட்டோடு ஒடிந்து வரும். ஆழமாக அழுத்தி வெட்டத் தேவையில்லை, வெட்டினால் கத்தி வழுக்கும். ஆர்ச் முழுவதையும் டிரெமல் மாதிரிச் சுழல் கருவியில் மணல் காகித உருளை போட்டு வழவழப்பாக்குங்கள். உள் மூலைகள் கூராக நிற்கக் கூடாது, விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். முதலில் அந்த மூலையில் சின்னத் துளை போட்டு, துளை வரைக்கும் வெட்டினால் மூலை தானாக உருண்டையாகும். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அதன் முனையில் ஒரு துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. உள்பக்கம் கண்ணாடியிழை வலைப் பட்டை வைத்து ஷூ கூ பசையைத் தடவிவிட்டால் அந்த இடம் புதுசைவிடப் பலமாகும்.

ஹார்டு பாடியில் கத்தரிக்கோல் வேலைக்காகாது. நுண்பல் ரம்பமும் அரமும்தான். தவறுதலாக அதிகம் வெட்டிவிட்டால் ஏபிஎஸ்ஸில் ஒரு துண்டை ஒட்டிச் சரிசெய்துவிடலாம். லெக்ஸானில் வெட்டியது வெட்டியதுதான்.

படி 5: பெயின்ட், கண்ணாடி, விளக்கு

லெக்ஸானுக்கு உள்பக்கம் அடிக்க வேண்டும், அதுவும் பாலிகார்பனேட்டுக்கான பெயின்ட்டை. சாதாரண ஸ்ப்ரே முதல் அடியிலேயே உரிந்து வரும். அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பால் உள்ளே கழுவி நன்றாக உலர்த்துங்கள். அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பாடி இன்னும் கண்ணாடி போல இருக்கும்போதே சேஸிஸ் மேல் வைத்து பாடி போஸ்ட்டுகள் எங்கே வருகின்றன என்று குறித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பின் அது தெரியாது.

விதி கேட்பது சில விஷயங்களைத்தான். கண்ணாடி கண்ணாடியாகத் தெரிய வேண்டும், அதாவது தெளிவாகவோ கறுப்பாகவோ. பாடியின் நிறத்தையே அடித்து மூடக் கூடாது, வெட்டி எடுத்துவிடவும் கூடாது. கிரில், முன் விளக்கு, பின் விளக்கு இருக்க வேண்டும். ஸ்டிக்கர் போதுமா, உருவம் தனியே புடைத்து நிற்க வேண்டுமா என்பது கிளப்புக்குக் கிளப்பு மாறும்.

படி 6: பொருத்துவதும் உயரமும்

பாடி போஸ்ட்டும் கிளிப்பும் பழைய முறை, நம்பகமானது. கூரையிலும் பானட்டிலும் கிளிப் துருத்திக்கொண்டு நிற்பது பிடிக்காதவர்கள் காந்தம் வைக்கிறார்கள். காந்தம் அழகுதான், ஆனால் உருளும்போது பாடி தனியாகக் கழன்று போகும். ஓட்டத்தின் நடுவே பாடி கழன்றால் என்ன என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள். வண்டி பாடியோடுதான் முடிக்க வேண்டும் என்பதே வழக்கமான நிலைப்பாடு. கையால் எடுத்துப் பொருத்தினால் அது வண்டியைத் தொட்டதாகக் கணக்காகி அபராதம் விழும். காந்தம்தான் வேண்டும் என்றால் முன்னால் ஒரு கீலோ கொக்கியோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் ஆசை எல்லோருக்கும் வரும். போஸ்ட்டில் ஒரு துளை கீழே இறக்கினால் எடை மையமும் இறங்கும். இது சட்டப்படி கிடைக்கும் லாபம், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய பிறகு படி 4-இன் கட்டைச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், டயர் புது இடத்தில் உரசும். உரசுகிறதே என்று ஆர்ச்சை இன்னும் வெட்டினால் அனுமதித்த அளவைத் தாண்டிவிடுவீர்கள். அதனால் உயரத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். எல்லை எதுவென்றால், பொதுவாக சேஸிஸின் நீளச் சட்டங்களும் மின்சாதனங்களும் பாடிக்குள் மறைந்திருக்க வேண்டும், பாடி உள்ளே அழுந்தி டயர்களுக்கு நடுவே புதைந்தது போல இருக்கக் கூடாது.

படி 7: பம்பர், ஸ்லைடர், ஓட்டுநர்

பம்பர் பாடியின் பாகமா, சேஸிஸின் பாகமா என்று கேட்டால், விதிக்கு அது பாடியின் தொடர்ச்சி. முன்னும் பின்னும் வேண்டும் என்பார்கள். அகலத்துக்குக் குறைந்தபட்ச அளவு வைப்பது வழக்கம், இல்லாவிட்டால் நடுவில் ஒரு குச்சியை நீட்டிவிட்டு அதையே பம்பர் என்பார்கள். ஸ்லைடர் என்பது கதவுக்குக் கீழே ஓடும் குழாய். இது கட்டாயமில்லாவிட்டாலும் போடுங்கள். போட்சைடிங் செய்யாமலே அந்த லாபத்தில் பாதி கிடைக்கும், பாறையில் வழுக்குவது குழாய், பாடி தப்பிக்கும்.

ஓட்டுநர் பொம்மை கேட்டால் தலையும் தோளும் இருக்கும் அரை உருவம் பெரும்பாலும் செல்லும், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். லேசான வெற்று பிளாஸ்டிக்கில் எடுங்கள். கனமான ரப்பர் பொம்மையைக் கூரைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது தேவையில்லாத வேலை. கூரை மேல் கேரியர், எண்ணெய்க் கேன், ஸ்டெப்னி இவையும் அப்படித்தான். அவற்றுக்குப் புள்ளிச் சலுகை தரும் போட்டி என்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 8: வீட்டிலேயே ஒரு டெக் இன்ஸ்பெக்ஷன்

விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பற்றித் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அளந்து காட்டுங்கள். "அது பரவாயில்லை" என்று நீங்கள் சொல்லத் தொடங்கும் இடமே சிக்கல் வரப்போகும் இடம். அளவு விதிகளில் நூலிழையில் நிற்காதீர்கள். போட்டி மேசையில் இருக்கும் டேப் உங்கள் டேப் இல்லை, 2 மி.மீ. தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து சாய்வுச் சோதனை. ஒரு பலகையின் குறுக்கே வண்டியை நிறுத்தி, பலகையின் ஒரு ஓரத்தை மெதுவாகத் தூக்குங்கள். மேல்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தூக்கும் நொடியில், போனில் இருக்கும் கோணம் அளக்கும் செயலியைப் பலகையில் வைத்துப் பாருங்கள். பாடியோடு ஒரு முறை, பாடி இல்லாமல் ஒரு முறை. இடையில் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் பாடி உங்களிடம் வாங்கும் விலை. அது 5, 6 டிகிரிக்கு மேல் போனால் கூரை மேல் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

போட்டி நாளில்

கையில் இருக்க வேண்டியவை: உபரி கிளிப்புகள், வலுவான டேப், வளைந்த கத்தரிக்கோல், விதிப்புத்தகத்தின் அச்சுப்பிரதி, எழுத்தில் வாங்கிய பதில்கள். இன்ஸ்பெக்ஷனுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். ஏதாவது குறை சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

குறை சொன்னால் மூன்று வழி உண்டு. அங்கேயே சரிசெய்வது, அடுத்த வகுப்பில் ஓடுவது, அல்லது அபராதப் புள்ளியோடு அதே வகுப்பில் ஓட அனுமதி கேட்பது. மூன்றாவதை எல்லா கிளப்பும் தராது, ஆனால் ஆரம்ப வகுப்பில் புதியவர் என்று தெரிந்தால் பல நடுவர்கள் இறங்கி வருவார்கள். அப்படி விட்டால் எதை எப்போதைக்குள் மாற்ற வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின் நடுவே பாடியின் ஒரு துண்டு உடைந்து தொங்கினால் நீங்களாகப் பிய்த்து எறியாதீர்கள். வண்டியைத் தொட்டதற்கு ஒரு அபராதம், பாகம் குறைந்ததற்கு இன்னொன்று என்று இரண்டும் சேர்ந்து விழலாம். நடுவரிடம் சொல்லிவிட்டு அப்படியே ஓட்டுங்கள். கேட்டை நெருங்கும்போது மட்டும் தொங்கும் துண்டு எந்தப் பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். அதுவும் வண்டியின் பாகம்தான், குச்சியில் பட்டால் 10.